உட்படாதவை

பங்குனி பதினெட்டு, செவ்வாய்.
விடிய ஐந்தேகாலுக்கு
மோட்டர் ஒருதரம் இருமியது.
பிறகு வயர் கருகிய மணம்.
பிறகு ஒன்றுமில்லை.

மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிற
மூன்று கம்பஸ் பெட்டையளும்
தலையில் ஷாம்பு நுரையோடு
படியில் வந்து நின்றார்கள்.
"பயப்பிடாதேங்கோ பிள்ளையள்,
வீட்டுக்குக் காப்புறுதி இருக்கு."
எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன்!
இப்போது நினைத்தாலும் வெட்கம்.

மாதம் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
நாலு வருடம்.
கரண்ட் பில் பிந்தியிருக்கிறது,
சங்கிலி அடகுக்குப் போய் வந்திருக்கிறது,
இது பிந்தவில்லை.
அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தில்
ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது,
குழாயில் தண்ணீர் நீலமாக வந்தது.

முதல் கடிதம்:
நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள்
அறிவிக்கப்படாமையினால் வருந்துகிறோம்.
நான் அறிவித்தேன். மூன்று நாள் அறிவித்தேன்.
சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு,
இரண்டை அழுத்தினால் ஒரு வயலின்.
வயலினுக்குச் சொன்னது
கணக்கில் வராதாம்.

இரண்டாவது:
மோட்டரின் தொடர் இலக்கம் தெளிவில்லை.
இலக்கத்தின் மேல் வெள்ளைப் பொருக்கு.
தேசிக்காய் பிழிந்து தேய்த்தேன்.
ஏழு வந்தது, மூன்று வந்தது,
கடைசியில் எட்டோ பூச்சியமோ.
எட்டு என்று எழுதினேன்.

மூன்றாவது என் எட்டை ஏற்றுக்கொண்டது.
ஆனால்
பிரிவு ஐந்து, உபபிரிவு இ:
உவர்நீர், சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றால்
நேரும் சேதங்கள் உட்படாதவை.

ஸ்டான்லி வீதிக் கந்தோரில்
கோகுலரமணன் என்றொரு தம்பி.
கழுத்தில் அட்டை, ஏசிக் குளிரில் சளிக் குரல்.
"எனக்கு விளங்குது அன்ரி,
சிஸ்டம் விடுதில்லை."
"தம்பி எந்த இடம்?"
"ஏழாலை."
"உங்கட வீட்டுக் கேத்திலுக்கு அடியில
என்ன நிறம்?"
திரையைப் பார்த்தான்.
மனேஜரின் கதவைப் பார்த்தான்.
"வெள்ளை" என்றான், மெல்ல.

பஸ்சில் வரும்போது கணக்குப் பார்த்தேன்.
கோண்டாவிலில் எங்கே கிண்டினாலும் கல்,
கல்லுக்குக் கீழேதான் தண்ணீர்.
என் வாழைக்குப் போனது அதே தண்ணீர்.
மூத்தவனுக்குச் சிறுநீரகத்தில்
ஆறு மில்லிமீற்றரில் ஒரு கல்,
அதுவும் உபபிரிவு இ.
அப்படியென்றால் நாலு வருடமாக
எந்த வீட்டுக்குக் காசு கட்டினேன்?
நிலத்தில் முட்டாமல்
அந்தரத்தில் நிற்கிற ஏதோ ஒரு வீட்டுக்கு.

பெட்டையள் கப்பியில் இறைக்கிறார்கள்.
மன்னார்ப் பிள்ளைக்குக் கை கொப்பளித்துவிட்டது.
வாடகையில் ஆயிரம் குறைத்தேன்.
அவர்கள் கேட்கவில்லை, அதனால் குறைத்தேன்.

மேன்முறையீட்டுக்குச் சான்று இணைக்கலாமாம்.
ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோனேன்.
"திரவம் தபாலில் எடுக்கமாட்டம்"
என்றார் கவுண்டரில் இருந்தவர்.

திரும்பி வந்து,
முற்றத்தில் தென்னம்பாளை மூட்டி,
பெரிய பானை நிறைய, இரண்டு தரம்,
வற்ற வற்றக் காய்ச்சினேன்.
கடைசிக் குமிழி உடைந்த பிறகு
அடியில் ஒட்டிக் கிடந்தது,
திருநீறு மாதிரி, ஆனால் கரகரவென்று.
கரண்டியால் சுரண்டினேன்.
காகிதத்தில் மடித்தேன்.
கடிதத்தில் ஒரே வரி:
இதை நீக்கிவிட்டு
மிச்சத்துக்குக் காப்புறுதி தாருங்கள்.

அடுத்த நாள் அதே கவுண்டர்.
பதிவுத் தபால், முப்பத்தொரு கிராம்.
"உள்ளுக்கு என்ன?"
"கிணறு" என்றேன்.
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
ஆவணம் என்று எழுதி
முத்திரை குத்தினார்.